குற்றவாளி ரேஷன் வரிசையில் இல்லை!

போர்னியோவிலே காடு எரிகிறது. சுமத்ராவிலே கரிமண் புகைகிறது. 2015-இல் அந்தப் புகை சிங்கப்பூர்வரை சூழ்ந்தது. உராங்குட்டான் எனும் வாலில்லாக் குரங்கு, தங்கி வாழ மரமின்றித் தவிக்கிறது. காரணம் கேட்டால், "பாமாயில்!" என்கிறார்கள். உண்மைதான், மறுக்கவில்லை நாம். ஆனால் அடுத்த மூச்சிலேயே, "பாமாயில் வாங்காதே!" என்று ஏழைக்கு உபதேசம் செய்யக் கிளம்புகிறார்களே, அங்கேதான் நாம் குறுக்கிட வேண்டியிருக்கிறது.

2007 முதல் தமிழகத்து நியாயவிலைக் கடைகளிலே பாமாயில் தரப்படுகிறது. அட்டைக்கு ஒரு லிட்டர், விலை 25 ரூபாய். அந்த ஒரு பாக்கெட்டிலேதான் தாளிப்பும் வதக்கலும் தோசையும் நடக்கின்றன தொழிலாளி வீட்டிலே. அந்தத் தாயா காட்டைக் கொளுத்தியவள்?

கணக்குப் பார்ப்போமே! தமிழகத்தில் சுமார் இரண்டேகால் கோடி அட்டைகள். அத்தனை பேரும் மாதந்தவறாமல் வாங்கினாலும், ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன்னைத் தாண்டாது. இந்தியா இறக்குமதி செய்யும் பாமாயிலோ ஆண்டுக்கு 70 லட்சம் டன்னுக்கும் மேல்! நூற்றுக்கு நாலு பங்குகூட இல்லாதவளைக் கூண்டிலேற்றிவிட்டு, மற்றவர்களை மறந்துவிடுவதா நியாயம்?

மற்றவை எங்கே போகின்றன? உணவகத்து வாணலிக்கு, பிஸ்கட்டுக்கு, சிப்ஸுக்கு, சாக்லேட்டுக்கு, சோப்புக்கு, ஷாம்புவுக்கு! வாங்குகிறவருக்குத் தெரியாமலே கூடைக்குள் நுழைகிறது பாமாயில்.

இதிலே நம் இனத்தின் கண்ணீரும் கலந்திருக்கிறது. மலேசியாவிலே ரப்பர் மரங்களைச் சாய்த்து எண்ணெய்ப் பனை நட்டபோது, தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டிய தமிழர் குடும்பங்கள் லயங்களை இழந்து, பட்டணத்து ஓரங்களிலே குடிசை போட நேர்ந்தது.

"வாங்குகிறவன் கேட்டால் கம்பெனி அசையுமா?" என்று ஐயுறும் தோழர்கள், பழனி மலையை அண்ணாந்து பார்க்கட்டும். சீமான்கள் குளிர்காயும் கொடைக்கானலிலே, பாம்பார் சோலைக்கு மேலே, ஒரு வெப்பமானித் தொழிற்சாலை இருந்தது. 1980-களிலே அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட ஆலை, பின்னர் இந்துஸ்தான் லீவர் வசமாயிற்று. 2001 மார்ச்சிலே, பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையிலே கிடந்ததை மக்கள் கண்டுபிடித்தனர். ஆலை மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே கப்பலேறிற்று.

"எங்கள் உடல் கெட்டது" என்றனர் தொழிலாளர். "எங்களால் அல்ல" என்றது நிறுவனம். 2006-இல் உயர்நீதிமன்றம் சென்றனர், ஆண்டுகள் உருண்டன. 2015-இல் சென்னைப் பெண் சோஃபியா அஷ்ரஃப் பாடிய பாட்டை லட்சக்கணக்கானோர் கேட்டனர். சோப்பு வாங்குகிறவர்கள் அந்தக் கம்பெனியையே கேள்வி கேட்டனர். 2016 மார்ச்சிலே 591 முன்னாள் தொழிலாளருடன் உடன்பாடு கையெழுத்தாயிற்று. பதினைந்தாண்டுப் போராட்டம் தொழிலாளருடையது. கடைசி உந்துதலிலே வாங்குவோர் குரலும் சேர்ந்தது. மண்ணிலே கலந்த பாதரசம் பற்றிய வழக்கு மட்டும் அதன் பிறகும் நீடித்தது.

இந்தக் கம்பெனிக்குத் தாய்வீடான யூனிலீவர்தான், உலகிலே பாமாயில் வாங்கும் பெரும் நிறுவனங்களில் ஒன்று! 2008-இல், உராங்குட்டான் வேடமிட்டுப் பசுமை இயக்கத்தார் அதன் லண்டன் வாயிலில் நின்றனர். சில வாரங்களிலே, "2015-க்குள் சான்று பெற்ற எண்ணெயே வாங்குவோம்" என்று வாக்களித்தது நிறுவனம். கேட்டார்கள், அசைந்தது!

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன? பாமாயிலை அடியோடு விரட்டுவதல்ல. ஒரு ஹெக்டேரிலே எண்ணெய்ப் பனை மூன்று டன்னுக்கு மேல் தருகிறது. சோயா அரை டன் அளவே தருகிறது. எல்லோரும் சோயாவுக்கு மாறினால் இன்னும் அதிகக் காடல்லவா அழியும்? காட்டை எரிக்காத எண்ணெய் எது என்று கேட்பதே அறிவுடைமை.

உறையைத் திருப்பிப் படியுங்கள். 'பாமோலின்', சோப்பிலே 'சோடியம் பாமேட்' என்றிருந்தால் அது பாமாயில்தான். ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தால், பள்ளி செல்லும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். 2004-இல் தோன்றிய ஆர்.எஸ்.பி.ஓ. அமைப்பின் முத்திரை உண்டா என்று பாருங்கள். அது குறையற்றதல்ல; ஆனாலும் கேள்வி கேட்க ஒரு பிடி. இல்லையேல், சங்கத்தின் பெயரால் கம்பெனிக்குக் கடிதம் எழுதுங்கள். ஒருவர் எழுதினால் குப்பைக்கூடை. ஆயிரம்பேர் எழுதினால் ஆலோசனைக் கூட்டம்!

ரேஷன் கடையிலே தேங்காயெண்ணெய் தரவேண்டுமென்று நம் தென்னை விவசாயிகள் கேட்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து நாமும் கேட்போம், ஏழைக்கு விலை ஏறாமல் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு!

தாயின் தாளிப்புக் கரண்டியைப் பிடுங்காதீர்கள். கம்பெனியின் கணக்குப் புத்தகத்தைத் திறக்கச் சொல்லுங்கள். பாதரசம் படிந்த கண்ணாடியைக் கண்டுபிடித்த கொடைக்கானல் மக்கள் காட்டிய வழி அதுதான்.