முதலில் பிரேக்கைப் பாருங்கள்

மலைப்பாதைச் சைக்கிள் வாங்க விரும்பும் மாணவர்கள் என்னிடம், "எத்தனை கியர் உள்ளது வாங்கலாம், சார்?" என்றே கேட்கிறார்கள். பிரேக்கைப் பற்றிக் கேட்பவர் அரிது. முதற்கேள்வி அதுவாகவே இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

1976-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே, இளைஞர்கள் பழைய சைக்கிள்களில் மலையிறங்கும் பந்தயம் நடத்தினர். இறக்கம் ஏறத்தாழ 400 மீட்டர். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கர ஹப்புக்குள் பிடிக்கும் பிரேக்கையே பலர் நம்பியிருந்தனர். கீழே வருவதற்குள் ஹப்பிலிருந்த கிரீஸ் புகைந்துவிடும். மறுபடியும் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்த மண்சாலைக்கே 'ரீபேக்', அதாவது 'மறுபடி அடை', என்ற பெயர் வந்தது.

ஏன் புகைந்தது? கணக்கிட்டுப் பாருங்கள். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோகிராம் எனில், இழக்கும் நிலையாற்றல் 80 × 9.8 × 400 = 3,13,600 ஜூல். ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும்! காற்றும் தரையும் ஒரு பங்கை ஏற்றாலும், மீதி பிரேக்கில்தான் வெப்பமாகிறது. இன்றைய டிஸ்க் பிரேக்கின் தகடு வெளியே திறந்திருப்பதால் அவ்வெப்பம் காற்றில் விரைவாகக் கலந்துவிடுகிறது.

இறக்கத்தில் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, இரு பிரேக்குகளையும் மெல்லச் சேர்த்துப் பிடியுங்கள். முன் பிரேக்கை மட்டும் வெடுக்கென்று பிடித்தால் தலைகுப்புற விழ நேரும். தலைக்கவசமும் கட்டாயம் வேண்டும்.

மலையேறக் கியர் உதவும். பத்திரமாக இறங்கி வீடு திரும்பப் பிரேக்தான் உதவும்.