சேர்ந்து பாடக் கற்றுத் தந்தவர்

திரையரங்குகளில் படம் தொடங்குமுன் தேசிய கீதம் இசைக்கப்பட வேண்டும், அப்போது அனைவரும் எழுந்து நிற்க வேண்டும் என்று 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2018 ஜனவரியில் அதே நீதிமன்றம், இசைப்பது கட்டாயமல்ல என்று தளர்த்தியது. இடைப்பட்ட காலத்தில் எழுந்து நிற்பது பற்றி நாடெங்கும் வாதம் நடந்தது. மக்கள் பாட வேண்டாமா என்று கேட்டவர்கள் வெகு சிலரே. ஒலிப்பதிவு பாடும், குடிமக்கள் நிற்பார்கள் என்ற ஏற்பாட்டை எம்.பி. சீனிவாசன் ஏற்றிருப்பாரா என்பது சந்தேகமே.

1925-இல் சித்தூரில் பிறந்து, இளமையிலேயே கம்யூனிஸ்ட் இயக்கத்தில் ஈடுபட்ட அவர், தில்லியில் ஏ.கே. கோபாலனின் செயலராகப் பணியாற்றினார். ஜாலியன்வாலா பாக் படுகொலைக்கு முன் யாருடைய கைதைக் கண்டித்து அமிர்தசரஸ் கொந்தளித்ததோ, அந்த சைபுதீன் கிச்லுவின் மகள் ஜாஹிதாவை மணந்தார். சென்னையில் "பாதை தெரியுது பார்' (1960) படத்துக்கு இசையமைத்ததும், 1961-இல் யேசுதாஸின் முதல் திரைப்பாடலைப் பதிவு செய்ததும் பலரும் அறிந்தவை. வாத்தியக் கலைஞர்களின் ஊதியத்துக்காகவும் உரிமைக்காகவும் சங்கம் கட்டிய பணி அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

அந்தச் சங்கப் பணியின் நீட்சியாகவே, 1970-களின் தொடக்கத்தில் அவர் நிறுவிய சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவைக் காண வேண்டும். கூட்டமாகப் பாடுவது நம் பஜனை மரபிலேயே உண்டு; ஆனால் அங்கு எல்லோருக்கும் ஒரே மெட்டுதான். சீனிவாசனோ மேலைநாட்டு முறைப்படி குரல்களைப் பகுத்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தனி வரிசை அமைத்தார். தன் வரிசையை விடாமல் பாடிக்கொண்டே பக்கத்துக் குரலையும் கேட்க வேண்டும். கேட்காதவர் பாட்டைக் கெடுத்துவிடுவார். பாரதியின் பாடல்களும் பிறமொழிப் பாடல்களும் இப்படித்தான் அரங்கேறின.

தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் கவுன்சில் 1980-களில் பள்ளிகளில் சமூகப் பாடலைப் பரப்ப முனைந்தபோது, அவரது அனுபவம் அதற்குக் கைகொடுத்தது. பிற மாநில மொழிகளின் பாடல்களை மாணவர்கள் கற்றுச் சேர்ந்து பாடுவது அத்திட்டம். தேசிய ஒருமைப்பாட்டுக்கு அரசு செலவிட்ட பணத்தில் உருப்படியாகச் செலவானது இதுவாகவே இருக்கக்கூடும்!

1988 மார்ச் 9-இல் லட்சத்தீவில் அவர் மறைந்தார். குழு அவருக்குப் பின்னரும் பாடியது. கலையோடு இணைந்த கல்வி பற்றி 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை விரிவாகவே பேசுகிறது. அதற்குப் பள்ளிதோறும் ஓர் இசை ஆசிரியராவது வேண்டும். அந்தப் பணியிடங்களுக்கு ஊதியம் தரப்போவது மத்திய அரசா, மாநில அரசுகளா?