வெடிமருந்துக்குக் காசு கட்டியது யார்?

2000 ஏப்ரலில் ஆனையிறவு விழுந்ததும் அரசுக்கு ஆயுதமும் வெடிமருந்தும் அவசரமாகத் தேவைப்பட்டன. 1990இல் பிரேமதாச முறித்த இஸ்ரேல் உறவை, மே மாதமே சந்திரிகா அரசு புதுப்பித்தது. முஸ்லிம் காங்கிரஸும் அப்போது அந்த அரசில்தான் இருந்தது! (பாகிஸ்தானும் பல்குழல் ரொக்கெட் தந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.)

பத்திரிகைத் தணிக்கை இறுகியது. அபிவிருத்தி வேலைகள் நின்றன. பாதுகாப்பு வரி ஏறியது. யுத்தம் வேண்டும் என்றவர், வேண்டாம் என்றவர் என்று அந்த வரி ஆள் பார்க்கவில்லை. எட்டியாந்தோட்டை லயத்தில் இருந்தவரும் கடைச் சாமான் விலையோடு சேர்த்துக் கட்டினார்.

2001 டிசம்பரில் ஆளுங்கட்சி தோற்றது. அடுத்த பெப்ரவரியில் யுத்தநிறுத்தம். கஜானா காலியானதும் இதற்கு ஒரு காரணம் என்பது என் கருத்து.

இந்த முறை பட்ஜட் வரும்போது பாதுகாப்புக்கு எவ்வளவு, நம் தோட்டப் பாடசாலைகளுக்கு எவ்வளவு என்று வாக்குக் கேட்டு வந்த எம்.பி.மாரிடம் கேளுங்கள்.