கட்டு அவிழ்த்த பிறகுதான் கணக்கு ஆரம்பம்

கண் ஆபரேஷன் என்றதும் நினைவுக்கு வருவது சினிமாக் காட்சிதான். டாக்டர் கட்டை அவிழ்ப்பார், கதாநாயகி மெல்லக் கண் திறப்பாள், எதிரே நிற்பவர் முகம் பளிச்சென்று தெரியும்! கருவிழி மாற்று சிகிச்சையில் நிஜம் அப்படி இல்லை. கட்டு அவிழ்க்கும் நாளில் பார்வை மங்கலாகத்தான் இருக்கும்.

ஓசூர் வட்டாரத்துக்கு இந்த விஷயம் ரொம்ப முக்கியம். சானமாவு பக்கம் யானை வரும் காடு, அதை ஒட்டி ராகியும் தக்காளியும். கொஞ்ச தூரத்தில் சிப்காட் தொழிற்சாலைகள். கண்ணில் ராகித் தாள் கீறினாலும் சரி, கிரைண்டிங் பொறி தெறித்தாலும் சரி, புண் ஆழமாகி ஆறினால் கருவிழியில் வெள்ளைத் தழும்பு நின்றுவிடும்.

கருவிழியின் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர். 1905-ல் எட்வர்ட் சிர்ம் முதன்முதலில் வெற்றிகரமாகச் செய்தது முழுக் கருவிழியையும் மாற்றும் சிகிச்சை. இப்போது கெட்டுப்போன அடுக்கை மட்டும் மாற்ற முடிகிறது. முன்பக்கத் தழும்புக்கு 'டால்க்'. உள்பக்க செல்கள் கெட்டு, கருவிழி நீர் கோத்து வீங்கினால் 'டிசெக்' அல்லது 'டிமெக்'.

டால்க்கில் நோயாளியின் சொந்த உள் அடுக்கு அப்படியே இருக்கிறது. அதனால் அந்த அடுக்கை உடல் நிராகரிக்கும் பயம் இல்லை. பெரிய லாபம்! ஆனால் சுற்றிலும் தையல். தையலின் இழுப்பில் கருவிழி கோணலாகும், உருவங்கள் இழுத்தாற்போல் தெரியும். ஒவ்வொரு தையலாகப் பார்த்துப் பார்த்து எடுப்பார்கள். பார்வை நிலைப்பட ஒரு வருடம்கூட ஆகலாம். அதன் பிறகும் கண்ணாடியோ, கெட்டியான கான்டாக்ட் லென்ஸோ தேவைப்படலாம்.

டிசெக், டிமெக்கில் தையல் குறைவு, பார்வையும் சீக்கிரம் தெளியும். உள்ளே காற்றுக் குமிழி வைத்து ஒட்டுவதால் கூரையைப் பார்த்தபடி மல்லாந்து படுக்க வேண்டும். ஒட்டியது விலகினால் மறுபடியும் குமிழி. டிசெக்கில் வைக்கும் படலம் சற்றுத் தடிமன், கண்ணாடிப் பவர் கொஞ்சம் மாறும். டிமெக் படலம் மிக மெல்லியது, பார்வை இன்னும் தெளிவு. எதுவானாலும் உள்பக்க செல்கள் மறுபடி வளராது. வருடங்கள் போகப் போக எண்ணிக்கை குறையும்.

இதனால் சிகிச்சையே வீண் என்று அர்த்தமில்லை. 'ஆபரேஷன் சக்ஸஸ்' என்பது யாருடைய கணக்கில் என்பதுதான் கேள்வி. டாக்டருக்குக் கருவிழி தெளிவாக இருந்தால் வெற்றி. தொழிலாளிக்கு வெர்னியர் கோடு தெரிய வேண்டும். இரவு ஷிப்ட் முடிந்து வண்டியில் போகும்போது எதிர் லாரி வெளிச்சம் கூசாமல் இருக்க வேண்டும்.

அதற்கு நடுவில் சம்பளம்? இ.எஸ்.ஐ.யில் சாதாரண நோய்க்கு வருடத்துக்கு 91 நாள் வரை, கூலியில் 70 சதவீதம். வேலையில் நடந்த காயம் என்று பதிவானால் 90 சதவீதம், டாக்டர் சான்று தரும் காலம் வரை. கண்ணில் பொறி பட்ட அன்றே விபத்துப் பதிவேட்டில் எழுதாவிட்டால் இந்த வித்தியாசத்துக்காகப் பிறகு அல்லாட வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளி இதை வாய் திறந்து கேட்பது சுலபமா என்ன?

பாதியில் நிற்பது பெரும்பாலும் இதனால்தான். சொட்டு மருந்தை நிறுத்துவார்கள், செக்கப்பைத் தள்ளிப்போடுவார்கள். தளர்ந்த தையல் கிருமிக்கு வாசல். மாதக்கணக்கில் போடும் ஸ்டீராய்டு சொட்டு கண் அழுத்தத்தை ஏற்றும், வலியே தெரியாது. செக்கப்புக்குப் போனால்தான் தெரியும்.

ஆகவே செக்கப் நாளை லீவாகப் பார்க்காமல் சிகிச்சையாகப் பார்க்க வேண்டும். தூசியும் தீப்பொறியும் இல்லாத வேலையைச் சில மாதம் தருவது எந்த நிர்வாகத்துக்கும் பெரிய நஷ்டமில்லை. ஒரு குடும்பம் துக்கத்தின் நடுவே தானம் கொடுத்த கருவிழி அது. ஒரு நாள் சம்பளத்துக்குப் பயந்து அதைக் கெட்டுப்போக விடுவது எந்தக் கணக்கிலும் நியாயமில்லை.