மைதானத்தை எட்டிப் பார்க்காத தீர்ப்பு

சம்பளம் வாங்காமல் ரக்பி ஆடுகிறவர்கள் உடம்பு, உத்தியோகம், நட்பு மூன்றையும் கெடுத்துக்கொள்கிறார்கள் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை தீர்ப்பெழுதியிருந்தது. உடம்பு உடைகிறதாம். திங்கட்கிழமை வேலை பாழாகிறதாம். நட்பென்று சொல்லிக்கொள்வது ஆட்டம் முடிந்தபின் கூடும் குடிக்கூட்டமாம். போதாததற்கு, இந்தியாவுக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று ஒரு முத்தாய்ப்பு வேறு. எழுதியவர், இரு அணிகளும் கோத்து நின்று முட்டித் தள்ளும் ஸ்க்ரம் ஒன்றையாவது அருகில் நின்று பார்த்திருக்கிறாரா என்று நான் கேட்கப் போவதில்லை. பார்த்ததில்லை என்பதற்கு அவருடைய நான்காவது பத்தியே சாட்சி. அதில் அணிக்குப் பதினோரு பேர் ஆடுகிறார்கள். ரக்பி யூனியனில் 15 பேர், லீகில் 13, செவன்ஸில் 7. பதினொன்று எங்கிருந்து வந்தது என்பது கிரிக்கெட் பார்க்கும் எந்தத் தமிழருக்கும் புரியும்.

முத்தாய்ப்பிலிருந்தே தொடங்குகிறேன். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆண்டுதோறும் மோதும் ஆட்டத்தின் பரிசுக்குக் கல்கத்தா கோப்பை என்று பெயர். 1870களில் அந்த நகரத்தில் ஒரு ரக்பி சங்கம் இருந்தது. அதைக் கலைக்கும் நிலை வந்தபோது உறுப்பினர்கள் வங்கியில் மிச்சமிருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாக எடுத்து, உருக்கி, கோப்பையாக்கினார்கள். பிடிகள் மூன்றும் நாகங்கள், மூடியின் மேல் ஒரு யானை. முதன்முதலாக அதற்காக 1879-இல் எடின்பரோவில் ஆடினார்கள். உலகின் மிகப் பழைய சர்வதேச ரக்பிக் கோப்பை நம் நாட்டு நாணயத்தால் ஆனது. ஒட்டுறவு இல்லையாம்!

அந்தச் சங்கம் ஏன் கலைந்தது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். குடிக்கூட்ட வாதத்துக்கு அவர் தேடாமல் விட்ட ஒரே ஆதாரம் அதுதான். இலவச மது கொடுப்பதை நிறுத்தினார்கள், உறுப்பினர் எண்ணிக்கை சரிந்தது. வங்காள வெயிலுக்கு டென்னிசும் போலோவும் தோதாக இருந்தன என்பது இன்னொரு காரணம். ஆக, குடிக்க வந்தவர்கள் குடி நின்றதும் போனார்கள். ஆட வந்தவர்கள் கடைசி ரூபாயையும் ஆட்டத்துக்கே கொடுத்துவிட்டுக் கலைந்தார்கள். இந்த இரண்டு வகையையும் பிரித்தறியத் தெரியாதவர் நட்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வருகிறார்.

நான் சென்னையில் வார இறுதிகளில் பிராப் ஆடுகிறவன், முன்வரிசைக் கனத்த ஆசாமி. எனக்குப் பின்னால் தோள் கொடுத்துத் தள்ளும் லாக், கால் டாக்ஸி ஓட்டுகிறார். ஸ்க்ரம் ஹாஃபாக ஆடுகிறவர் தணிக்கையாளர், என் தோளுயரம்தான் இருப்பார். ஓரத்தில் ஓடும் விங்கர் மணிப்பூரிலிருந்து வேலைக்கு வந்த பையன்; தமிழில் முதலில் கற்றது வசைச் சொற்கள், இரண்டாவது எங்கள் வீட்டு விலாசம். குண்டு, நெட்டை, குட்டை, ஒல்லி என்று எல்லா உடம்புக்கும் இதில் இடமுண்டு. எல்லா உடம்பும் வேண்டும் என்பதுதான் விதியே. என் அம்மாவுக்கு ரத்தம் தேவைப்பட்டபோது ராத்திரியோடு ராத்திரியாக ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் இருவர் மதுவைத் தொட்டே பார்க்காதவர்கள். கட்டுரையாளரின் கோட்பாட்டில் அவர்களை எங்கே வைப்பது?

இதற்குப் பதிலாகக் காலையில் நடக்கலாமே என்கிறார். தாராளமாக நடக்கட்டும், நல்லதுதான். ஆனால் நாளை அவர் கடற்கரைக்கு வராவிட்டால் கேட்க நாதி கிடையாது. ஜிம்மில் கேட்பார்கள், சந்தா முடியும் மாதத்தில். எங்களில் முன்வரிசையாள் ஒருவர் வராவிட்டால் உண்மையான ஸ்க்ரம்மே நடக்காது. தள்ளாமல் சும்மா பிடித்து நிற்க வேண்டியதுதான். வெள்ளி இரவு, ‘வருகிறாய்தானே?’ என்று கேட்டு ஒரு செய்தி வரும். நாற்பதைத் தாண்டிய ஒருவனிடம், அலுவலகமும் வங்கியும் தவிர, அப்படிக் கேட்க யார் இருக்கிறார்கள்? மனநலம் பற்றி அவர் எழுதிய ஒன்றரைப் பக்கத்தில் தனிமை என்ற சொல் ஒருமுறைகூட இல்லை.

உத்தியோகம் கெடுகிறதாம். ரக்பியில் நடுவரிடம் பேச உரிமையுள்ளவர் கேப்டன். மற்றவர்கள் முணுமுணுத்தால் பெனால்டி இன்னும் பத்து மீட்டர் நம் பக்கம் நகரும். வாரமெல்லாம் முப்பது பேரை அதட்டும் மேலாளர், சனிக்கிழமை இருபத்திரண்டு வயதுப் பையன் ‘இடது பக்கம்’ என்று கத்தினால் மறுபேச்சின்றி இடது பக்கம் ஓடுகிறார். பல நிறுவனங்கள் பயிலரங்கம் வைத்தும் கற்றுக்கொடுக்க முடியாத அடக்கம் அது. காயம் பிழைப்பைக் கெடுக்கும் என்றும் பயமுறுத்துகிறார். முகமே மூலதனமான நடிகர் ராகுல் போஸ், 1998-இல் இந்தியா முதன்முதலாகச் சர்வதேச ரக்பி ஆடியபோது அந்த அணியில் இருந்தார். இருந்த முகத்தோடு நடித்துக்கொண்டும் இருந்தார்.

தலைக்காயத்தை மட்டும் நான் கேலி செய்ய மாட்டேன். 2003 உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியின் ஸ்டீவ் தாம்சனுக்கு நாற்பதுகளிலேயே மறதி நோய்; அந்த வெற்றியே நினைவில் இல்லை என்று அவரே சொன்னார். தொழில்முறை அல்லாதவர்களுக்கும் அந்த ஆபத்து உண்டு. ஆனால் அதைச் சொன்ன கட்டுரையாளர், அதன்பின் நடந்ததை வசதியாக விழுங்கிவிட்டார். 2023 முதல் இங்கிலாந்தின் உள்ளூர் ஆட்டங்களில் மார்பெலும்பின் அடிப்பகுதிக்கு மேலே எதிராளியைப் பிடித்து டேக்கிள் செய்யக்கூடாது. தலையில் அதிர்ச்சி என்ற சந்தேகம் வந்தாலே வெளியேற்ற வேண்டும். பிரிட்டனின் உள்ளூர் ஆட்டக்காரர் 21 நாட்களுக்குள் போட்டிக்குத் திரும்ப முடியாது. இவை போதுமா என்று வாதிடலாம். இவை இருப்பதையே மறைப்பது வாதம் ஆகாது.

இது கையில் காசுள்ளவனின் பொழுதுபோக்கு என்ற அவருடைய இன்னொரு குற்றச்சாட்டில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. வடஇங்கிலாந்தின் சுரங்க, ஆலைத் தொழிலாளிகள் சனிக்கிழமை ஆட்டத்தால் இழந்த கூலியை ஈடுசெய்யக் கேட்டபோது கனவான்களின் சங்கம் மறுத்தது. 1895-இல் ஹடர்ஸ்ஃபீல்டில் ஒரு ஹோட்டலில் கூடி வடக்கத்திய சங்கங்கள் பிரிந்து போயின. லீக் ஆட்டம் அப்படிப் பிறந்தது. அது நிர்வாகிகள் செய்த அநியாயம். 1995-இல் யூனியனில் பணம் தருவதற்கு இருந்த தடையும் நீங்கிவிட்டது. இன்று கொல்கத்தாவில் ஜங்கிள் குரோஸ் அணியில் ஆடும் குடிசைப் பகுதிப் பிள்ளைகளிடம் போய் இது பணக்கார ஆட்டம் என்று சொல்லிப் பார்க்கட்டும்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். கருத்து அவருடையது, இருந்துவிட்டுப் போகட்டும். பதினோரு பேர் என்பதையும், இந்தியாவுக்குத் தொடர்பில்லை என்பதையும் மட்டும் அடுத்த இதழில் திருத்தம் போட்டு வெளியிடுங்கள்.