ஊர் திரும்பிய வீரன்

ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கிய ‘சார்ஜெண்ட் யார்க்’ (1941) படத்தை நண்பர்களில் சிலர் பார்த்திருக்கக்கூடும். கேரி கூப்பருக்கு ஆஸ்கர் விருதைப் பெற்றுத் தந்த படம். முதல் உலகப் போரிலிருந்து திரும்பும் நாயகனுக்கு வீடும் நிலமும் பரிசாகக் காத்திருக்க, அவன் காதலியோடு அதை நோக்கி நடக்கப் படம் நிறைவுறும். அந்த முடிவோடுதான் எனக்கு வழக்கு.

ஆல்வின் யார்க் 1887-இல் டென்னசி மாநிலத்தின் பால் மால் என்னும் மலைச் சிற்றூரில், ஏழைக் குடியானவரின் பதினொரு மக்களுள் மூன்றாமவராகப் பிறந்தார். இளமையில் குடியும் அடிதடியும். 1915-இல் மனம் திரும்பிய பின் தேவாலயமே கதி. கொல்லாதிருப்பாயாக என்ற கட்டளைக்கு விதிவிலக்குக் காணாத சிறு சபை அது. 1917-இல் கட்டாய ஆளெடுப்பு வந்தபோது விலக்குக் கோரினார், கிடைக்கவில்லை. அவருடைய போதகரே அவ்வூரின் ஆளெடுப்புப் பதிவாளர்! கதை எழுதுபவன் இப்படி எழுதினால் நாம் நம்பமாட்டோம்.

பயிற்சி முகாமில் மேஜர் பக்ஸ்டன் அவரைத் தண்டிக்கவில்லை. விவிலியத்தைக் கொண்டே அவரோடு வாதிட்டார். சிந்தித்து வருமாறு விடுப்பும் தந்தார். யார்க் மலைமேல் தனித்திருந்து இறைஞ்சினார், படைக்குத் திரும்பினார். படத்தில் காற்று வந்து விவிலியத்தின் ஏட்டைப் புரட்டி விடை சொல்லிவிடுகிறது. உண்மையில் அத்தனை எளிதாக முடிந்த வாதம் அன்று அது.

1918 அக்டோபர் 8, பிரான்சின் ஆர்கோன் காடு. உடன் வந்த பதினாறு பேரில் அறுவர் மாண்டனர். இருபதுக்கும் மேற்பட்ட ஜெர்மானியரைக் கொன்று, எஞ்சிய தோழர்களோடு 132 பேரைச் சிறைபிடித்து வந்தார். உலகம் அறிந்த யார்க் இவ்வளவே.

தொல்காப்பியம் நடுகல்லுக்கு வகுக்கும் துறைகளை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் ஓர் எண்ணம் வரும். கல் வீழ்ந்தவனுக்கு. பிழைத்து வந்து, மணந்து, கடன்பட்டு, மூப்பெய்தியவனுக்கு எந்தத் துறை?

யார்க் 1919-இல் கிரேசியை மணந்தார். விளம்பரத்துக்குத் தம் பெயரை விற்க மறுத்தார். பரிசாக வந்த பண்ணையோ முழு விலை கட்டப்படாமல் கடனாகவே கைக்கு வந்தது. மூன்றாம் வகுப்பளவுகூட நிறைவாகப் படிக்காத அவர், மலைப் பிள்ளைகளுக்காக ஜேம்ஸ்டவுனில் ஒரு கல்விநிலையம் எழுப்பினார். இடம் எது, அதிகாரம் யாருக்கு என்று உள்ளூர்ப் பெரியவர்களோடு ஓயாத பூசல். மாணவரை அழைத்துவரும் பேருந்துகளுக்காகத் தம் நிலத்தையே ஈடு வைத்தார். கடைசியில் 1936-இல் அப்பள்ளியின் தலைமையிலிருந்தே அவரை விலக்கினார்கள். கல்வி நிறுவனங்களை உள்ளிருந்து அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிராது. எதிரியின் துப்பாக்கி முன் நிற்பதைவிட நிருவாகக் குழுவின் முன் நிற்பது கடினம் என்று சொன்னால் மிகை என்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

படம் எடுக்கப்பட்டபோது இவையெல்லாம் நடந்து முடிந்த செய்திகள். அவற்றுள் ஒன்றுகூடத் திரைக்கு வரவில்லை. அக்கால அமெரிக்காவுக்கு அடுத்த போருக்கான வீரன் தேவைப்பட்டான். பள்ளிக்காகக் கடன்பட்ட குடும்பத்தலைவன் தேவைப்படவில்லை.

முதற்போரால் விளைந்த நன்மை என்ன என்று முப்பதுகளில் ஐயுற்ற யார்க், இரண்டாம் போரில் தம் மாவட்ட ஆளெடுப்புக் குழுவிலேயே அமர்ந்தார். முரண்பாடு என்று சொல்லி இதைக் கடந்துபோக என்னால் இயலவில்லை. அந்த மேசைமுன் விலக்குக் கோரி வந்து நின்ற இளைஞனை அவர் எப்படிப் பார்த்திருப்பார்?

படத்தால் வந்த பணத்தில் ஒரு விவிலியப் பள்ளி கட்டினார். அதே வருவாய்க்கு வரி பாக்கி என்று அரசு தொடுத்த வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1954-இல் பக்கவாதம் தாக்கிப் படுக்கையில் வீழ்ந்தார். பொதுமக்களிடம் திரட்டிய நன்கொடையில் 25,000 டாலர் கட்டி 1961-இல் வழக்குத் தீர்ந்தது. 1964-இல் மறைந்து, சொந்த ஊரின் வுல்ஃப் நதிக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானார்.

அவருடைய மகன்களுள் ஒருவருக்கு மேஜர் பக்ஸ்டனின் பெயர். மதபோதகராக வளர்ந்தவர் அந்த மகன்தான்.