பர்கருக்குள் பச்சை முட்டை! கடையில் வாங்குவோரும் வீட்டில் செய்வோரும் கவனிக்க வேண்டியது என்ன?

நெல்லை,

அல்வாவுக்கும் புரோட்டாவுக்கும் பேர்போன நெல்லையில் இப்போது பர்கரும் காலூன்றிவிட்டது.

மாலை 6 மணிக்கு மேல் வண்ணார்பேட்டை, பாளையங்கோட்டை பக்கம் போனால் தெரியும். காலேஜ் பிள்ளைகள் கடை வாசலில் நிற்கிறார்கள். "புரோட்டா வேண்டாம்ப்பா, பர்கர் வாங்கித் தாங்க" என்று கையைப் பிடித்து இழுக்கும் சின்னப் பிள்ளைகளும் உண்டு.

"என்னவே பெரிய பர்கரு? பன்னுக்கு நடுவுல வச்ச கட்லெட்டு தானே!" என்று கேட்கிறார்கள் பெரியவர்கள்.

அவர்கள் சொல்வதும் தப்பில்லை.

கட்லெட் பர்கர்

ஜெர்மனியில் உள்ள ஹாம்பர்க் நகரின் பெயரில் இருந்து வந்தது பர்கர். வளர்ந்தது அமெரிக்காவில். அங்கே கொத்திய மாட்டிறைச்சியை வட்டமாகத் தட்டி, சுட்டு, ரொட்டிக்கு நடுவே வைப்பார்கள்.

1996-ம் ஆண்டு மெக்டொனால்டு கம்பெனி இந்தியாவில் கடை திறந்தது. மாட்டிறைச்சியும் கிடையாது, பன்றி இறைச்சியும் கிடையாது என்று முடிவு செய்தது. உருளைக்கிழங்கு கட்லெட்டை உள்ளே வைத்து விற்றது. அது நம் ஆட்களுக்குப் பிடித்துப்போய்விட்டது.

கட்லெட் சரி, பன்னும் சரி. வம்பு வேறு இடத்தில் இருக்கிறது. நடுவில் தடவும் வெள்ளைப் பசை! அதுதான் மயோனைஸ்.

அரசு போட்ட தடை

பச்சை முட்டை, எண்ணெய், பூண்டு, கொஞ்சம் புளிப்பு. இவற்றை மிக்சியில் அடித்தால் மயோனைஸ் தயார். அடுப்புக்கே போகாது.

பச்சை முட்டையில் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கலாம். வயிற்றுக்குள் போனால் சில மணி நேரத்திலோ, சில நாட்களிலோ வேலையைக் காட்டும். வாந்தி, பேதி, காய்ச்சல், வயிற்று வலி. குழந்தைகள், வயதானவர்கள், கர்ப்பிணிகளை அதிகமாகப் படுத்தும்.

கேரள அரசு 2023 ஜனவரியில் பச்சை முட்டை மயோனைசுக்குத் தடை போட்டது. தெலுங்கானா 2024 அக்டோபர் கடைசியில் தடை போட்டது. தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. தயாரிப்பது, சேமிப்பது, கொண்டு செல்வது, விற்பது எல்லாவற்றுக்கும் அந்தத் தடை.

ஏன் ஓராண்டு? 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, இப்படிப்பட்ட ஓர் உத்தரவை ஓராண்டுக்கு மேல் போட முடியாது. தடைக்குக் கெடு உண்டு. கிருமிக்குக் கெடு கிடையாது!

நெருப்பைப் பார்க்காத பண்டம்

நெல்லைச் சாப்பாட்டை நினைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் விளங்கும்.

அல்வா மணிக்கணக்கில் கொதிக்கிறது. போதாததற்குச் சர்க்கரையும் நெய்யும். கிருமி வளர இடமில்லை. புரோட்டா சுடச்சுட கல்லில் இருந்து இலைக்கு வருகிறது. சால்னா கொதித்துக்கொண்டே இருக்கிறது.

பர்கரில் அப்படி இல்லை. வெந்த கறியும் வேகாத பண்டமும் ஒன்றாகச் சேருகின்றன. மயோனைஸ், வெங்காயம், தக்காளி, முட்டைக்கோஸ் எதுவும் நெருப்பைப் பார்ப்பதில்லை.

வெளியில் வைத்த மயோனைஸ் நெல்லை வெயிலில் என்ன ஆகும்? 5 டிகிரிக்கு மேல், 60 டிகிரிக்குக் கீழ் இருந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். நம் ஊர் பகல் வெப்பம் சரியாக அதற்குள் தான் வருகிறது.

கறியிலும் உஷார் தேவை. முழுத்துண்டு இறைச்சியில் கிருமி பெரும்பாலும் மேலே தான் இருக்கும். கொத்தும்போது உள்ளேயும் போய்விடும். ஆகவே மேலே சிவந்தால் போதாது, நடுப்பகுதியும் வேக வேண்டும். கோழிக்கறி என்றால் உள்ளே 74 டிகிரி சூடு ஏற வேண்டும்.

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயது மாணவி உயிரிழந்ததையும், அதன்பிறகு மாநிலம் முழுவதும் கடைகளில் சோதனை நடந்ததையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

கடைக்காரர் பாடு

"பாக்கெட் மயோனைஸ் வாங்கினா கட்டுப்படியாகாதுண்ணே" என்பது சின்னக் கடைக்காரர்களின் குறை.

குறை நியாயம் தான். மிக்சியில் அடித்தால் செலவு குறைவு. ஆனால் ஒரு வாடிக்கையாளர் ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்த லாபம் எங்கே நிற்கும்? கடைக்குப் பூட்டு, கோர்ட்டு, அபராதம். பெயரும் போய்விடும்.

வழி இருக்கிறது. சூடுபடுத்திக் கிருமி நீக்கிய முட்டையில் செய்த மயோனைசுக்குத் தடை போடவில்லை. முட்டையே இல்லாத மயோனைசும் கிடைக்கிறது.

எண்ணெய்க்கும் கணக்கு உண்டு. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் கெட்ட பொருள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக்கூடாது. 2018 ஜூலையில் வந்த விதி இது. கருத்து, நுரைத்து, வாடை அடிக்கும் எண்ணெயைக் கண்ணாலேயே தெரிந்துகொள்ளலாம்.

வீட்டு பர்கர்

"கடையே வேண்டாம், வீட்டில் செய்து கொடுக்கிறேன்" என்று கிளம்பும் தாய்மார்கள் பலர். நல்ல காரியம். ஆனால் செல்போனில் பார்த்துப் பச்சை முட்டையை அடித்து மயோனைஸ் செய்தால், கடையில் உள்ள அதே ஆபத்து வீட்டுக்குள் வந்துவிடும். சட்டம் கடைக்குத் தான். கிருமிக்குக் கடையும் ஒன்று தான், வீடும் ஒன்று தான்.

செய்முறை சுலபம். அவித்த உருளைக்கிழங்கை மசித்து, வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி, கரம் மசாலா சேர்த்துப் பிசைய வேண்டும். ரொட்டித் தூளில் புரட்டி, தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் சிவக்க விட வேண்டும். பேக்கரி பன்னை வெட்டி அதே கல்லில் வாட்ட வேண்டும்.

மயோனைசுக்குப் பதில்? தயிரைத் துணியில் கட்டித் தண்ணீர் வடித்து, பூண்டு, மிளகுத்தூள், உப்பு கலந்தால் அதே பக்குவம் வந்துவிடும். மல்லித் துவையலும் பொருந்தும்.

வெங்காயம், தக்காளியைக் குடிக்கிற தண்ணீரில் தான் கழுவ வேண்டும். தாமிரபரணியில் சாக்கடை கலப்பது பற்றி மதுரை ஐகோர்ட்டு கிளை வரை வழக்கு போன ஊர் இது.

கேட்டால் தப்பில்லை

கடையில் வாங்கும்போது இரண்டே கேள்வி போதும். மயோனைஸ் பாக்கெட்டா, இங்கேயே அடித்ததா? பிரிட்ஜில் இருந்து எடுத்ததா, வெளியில் இருந்ததா?

நல்ல கடைக்காரர் கோபப்படமாட்டார், பதில் சொல்வார். முகம் சுளித்தால் மயோனைஸ் இல்லாமல் கேட்டு வாங்கலாம். சந்தேகம் என்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

பிள்ளைகள் பர்கர் கேட்பதை யாரும் தடுக்க முடியாது. தடுக்கவும் வேண்டாம். உள்ளே என்ன தடவுகிறார்கள் என்று பார்த்து வாங்கிக் கொடுத்தால் போதும்.